சுவரில் ஒட்டிய கண்ணாடி

யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கூரையைத்தான் பார்ப்பேன். "வாங்க, உக்காருங்க" என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் என் கண் நான்கு மூலைகளையும் சுற்றிவிட்டு வந்திருக்கும். சொந்தத் தங்கையின் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில், மண்டபத் தூணில் ஓடிய விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். போட்டோவில் எல்லாரும் ஒரு பக்கம் பார்க்க, நான் மட்டும் வேறெங்கோ முறைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் கட்டில் எந்தச் சுவரையும் தொடாமல் அறையின் நட்டநடுவில் கிடக்கும். "நடுரோட்டுல படுத்த மாதிரி இருக்கு" என்று என் கணவர் முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே தூங்கியும் போவார்.

ஆர்க்கிடெக்ட் என்றதும் பளபளவென்று புதுக் கட்டடம் வரைகிறவள் என்று நினைத்துவிடுகிறார்கள். என் வேலை பழைய தெருக்களில். எந்த வீட்டை வைத்துக்கொள்ளலாம், எதைப் பழுது பார்க்கலாம், எதை இடித்தே ஆகவேண்டும் என்று பார்த்துச் சொல்லவேண்டும். அதற்குப் படிப்பைவிடப் பயம்தான் முக்கியம் என்று கூட்டங்களில் பெருமையாகப் பேசிவந்தேன். திருத்தணியில் நடந்த அந்த ஒரு நாளுக்குப் பிறகு அப்படிப் பேசுவதில்லை.

மலையடிவாரத்தில் ஒரு பழைய தெரு. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். முன்னறைகளில் பூக்கடை, பூஜைச் சாமான் கடை, மொட்டை போடுகிறவர்களின் பெஞ்சு. பின்னால் குடித்தனம். தெருவைச் சீரமைக்க ஒரு திட்டம் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்ட ஆபீஸிலேயே இரண்டு கட்சி. மொத்தமாக இடித்துத் தெருவை அகலமாக்கி வரிசையாகக் கடை கட்டிவிடலாம் என்றது ஒன்று. இருக்கிற வீட்டை இருக்கிறவர்களோடு காப்பாற்றலாம் என்றது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி. அதில் எனக்குப் பிடிவாதமும் உண்டு. இடிப்பதற்கு எதற்கு ஆர்க்கிடெக்ட், பொக்லைன் ஓட்டுகிறவர் போதுமே என்று முதல் கூட்டத்திலேயே எரிந்து விழுந்தேன்.

அரக்கோணத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்வருவேன். முதல் பத்து நாள் ஒரு கோடுகூட வரையமாட்டேன். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, செருப்பை எங்கே கழற்றுகிறார்கள், வெயிலுக்கு எந்த அறையில் ஒதுங்குகிறார்கள், யார் எங்கே படுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டே போவேன். பிறகுதான் சுவரைத் தட்டிப் பார்ப்பது. கடைசியில் ஒவ்வொரு வாசல் ஓரத்திலும் ஒரு வட்டம். பச்சை என்றால் நல்ல வீடு, மஞ்சள் என்றால் பழுது பார்க்கலாம், சிவப்பு என்றால் இடிக்கவேண்டியது. என் கையிலிருந்த பெயின்ட் டப்பாவைத் தெருவே கவனித்துக்கொண்டிருந்தது. சிவப்பு டப்பா கைக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும்.

தெரு நடுவில் ஒரு படக்கடை வீடு இருந்தது. மலைக்கு வருகிறவர்களுக்கு முருகன் படம் ஃபிரேம் போட்டு விற்கிற கடை. கடைக்காரர் அதிகம் பேசமாட்டார், கையில் எப்போதும் கண்ணாடி வெட்டும் கட்டர் இருக்கும். பேசுவதெல்லாம் அவர் மனைவிதான். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் மேடம். அவர்களுடைய ஒரே மகள் வளைகாப்பு முடிந்து முதல் பிரசவத்துக்கு அப்போதுதான் வந்திருந்தாள். பங்குனி மாதம், திருத்தணி வெயில் சும்மா வாட்டியது.

அந்த வீட்டுக்கு ஒரு பக்கம்தான் துணை. மறுபக்கத்து வீட்டை லாட்ஜ் கட்டுவதற்காக இடித்துவிட்டிருந்தார்கள். ஒட்டிக் கட்டிய தெருவில் வீடுகள் தனித்தனியாக நிற்பதில்லை, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துதான் நிற்கின்றன. நடுவில் ஒன்றை எடுத்தால் பக்கத்து வீட்டுச் சுவர் திடீரென்று தனியாள் ஆகிவிடும். படக்கடை வீட்டின் சுவரும் அப்படித்தான் தனியாக நின்றது. அதன் மறுபுறத்தில் லாட்ஜுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல்.

வீட்டின் கூரை அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ். இரண்டு சுவர்களுக்கும் குறுக்கே மரச்சட்டங்களை வைத்து, மேலே செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மொட்டை மாடி. சட்டத்தின் முனை சுவருக்குள் கொஞ்ச தூரம்தான் உட்கார்ந்திருக்கும். சுவர் வெளியே சாயச் சாய முனை நழுவும். முழுக்க நழுவினால் கூரை மொத்தமும் கீழே.

விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா என்று தெரிய ஓர் எளிய வழி உண்டு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டித் தேதி எழுதி வைப்போம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அசையாவிட்டால் அப்படியே இருக்கும். படக்கடையில் கண்ணாடிக்கா பஞ்சம்? கடைக்காரரே ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார், பசையும் அவருடையதுதான். நான் தேதி எழுதினேன்.

"இது இன்னாத்துக்கு மேடம்?" என்று அக்கா கேட்டார்.

"ஒரு அளவுக்குத்தான் அக்கா. தொடாம விட்டுடுங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் பக்கத்தில் நிற்கிறாள், அவள் காதில் விழ உன் வீட்டுச் சுவர் விழலாம் என்று எப்படிச் சொல்வது? பயப்படுவது என் வேலை, அதை நானே பார்த்துக்கொள்கிறேன், இவர்கள் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதைப் பெரிய மனசு என்றும் நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் அப்போது, "ஆன்ட்டி, கொயந்த பொறந்தா எந்த ரூம்ல படுக்கறது? முன்னாடி ரூம்ல அனல் தாங்கல" என்றாள். விரிசல் இருந்த உள்ளறையில்தான் குளுமை. கண்ணாடி உடையாமல் நிற்கிறதா பார்ப்போம், நின்றால் இந்த அறையே நல்லது என்று சொல்லியிருக்கவேண்டும். முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் சொன்னேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் முழுசாக இருந்தது. அதன் மேல் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார் அக்கா. அந்த வீட்டில் கண்ணாடி என்று எது இருந்தாலும் பொட்டு வைத்துவிடுவார்கள் போல என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். நோட்டில் 'அசைவு இல்லை' என்று எழுதினேன். மூன்றாவது தடவை வாசலில் மஞ்சள் வட்டம் போட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

உண்மையைச் சொல்லவேண்டும். அந்த முழுக் கண்ணாடி எனக்கு வசதியாக இருந்தது. தெருவின் நடுவீடு சிவப்பானால் இடிக்கும் கட்சிக்கு அவல் கிடைத்த மாதிரி. ஒன்று சிவப்பென்றால் பக்கத்து வீடும் சந்தேகம், அதற்குப் பக்கத்து வீடும் சந்தேகம் என்று ஆரம்பிப்பார்கள். எதைக் கண்டாலும் பயப்படுகிற நான், பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகும்போது இந்தக் கண்ணாடி எப்படி உடையாமல் இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பயப்படவில்லை.

வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. ஆடியில் கிருத்திகை வந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு அந்தத் தெருவில் மொட்டை மாடிகள் எல்லாம் காவடிக் கூட்டத்துக்குத்தான். படக்கடை வீட்டுக்குச் சித்தூர் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வருடா வருடம் ஒரே குழு வரும். நாற்பது பேருக்குக் குறையாது. மாடியில் பூக்காவடி கட்டி, பம்பை அடித்து ஆடிவிட்டுத்தான் மலையேறுவார்கள். முந்தின வாரம் அக்கா என்னைக் கேட்டார்: "மேடம், மாடி ஏத்தலாமா?" நான் உள்ளே போய்க் கண்ணாடியை எட்டிப் பார்த்துவிட்டு, "தாராளமா ஏத்துங்க" என்றேன்.

அன்றைக்கு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். தெரு முழுக்க மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை, அரோகரா சத்தம். வெறுங்கால் கூட்டத்தில் இடிபட்டு உள்ளே போய்ச் சேர்ந்தேன். மாடியில் குழு வந்திறங்கியிருந்தது. பூக்கூடைகளை இழுக்கிற சத்தம் தலைக்கு மேல் கேட்டது. உள்ளறையில் குழந்தை தூளியில் தூங்கியது. கூரையின் மரச்சட்டம் ஒன்றில் இருந்த பழைய கொக்கியில் தூளியை மாட்டியிருந்தார்கள். அதன் தாய் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தையைப் பார்க்கக் குனிந்த நான் பழக்க தோஷத்தில் கண்ணாடியையும் பார்த்தேன். விசேஷ நாள் என்று அக்கா அதைத் துடைத்திருந்தார், புதுப் பொட்டு இன்னும் வைக்கவில்லை. தேதி தெளிவாகத் தெரிந்தது. ஏழாம் தேதி.

நான் ஏழு போட்டால் நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடுவேன். படித்த காலத்திலிருந்து வந்த பழக்கம். சுவரில் இருந்த ஏழுக்கு நடுவில் கோடு இல்லை.

முதலில் புரியவில்லை. பிறகு பார்த்தால் அது என் கையெழுத்தே இல்லை. "அக்கா" என்றேன். கையில் கரண்டியோடு வந்தார்.

"இந்தக் கண்ணாடி நான் ஒட்டினது இல்லையே?"

"ஆங், அது ஒடஞ்சி பூட்ச்சி மேடம்" என்றார், பால் பாக்கெட் கிழிந்துபோனதைச் சொல்வது போல. "ஊட்ல ஒடஞ்ச கண்ணாடி இருக்கலாமா? அதுவும் புள்ளத்தாச்சி இருக்கற ஊட்ல? அன்னிக்கே இவர வேற வெட்டி ஒட்ட சொல்லிட்டேன். நீங்க எய்தின மாதிரியே தேதியும் எய்தினாரு."

"எத்தனை தடவை?"

"நாலு தபா ஆயிருக்கும். போன வெள்ளிக்கெயம கூட ஒண்ணு."

நான்கு தடவை. தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். எந்தச் சட்டத்தில் அது தொங்குகிறது என்று அப்போதுதான் உறைத்தது, சுட்ட மாதிரி கையை எடுத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து மேலே பம்பை ஆரம்பித்தது.

பம்பைச் சத்தத்துக்குக் கால்கள் சேர்ந்து குதித்தன. நாற்பது பேர் ஒரே தாளத்தில். தூளித் துணியின் மேல் சுண்ணாம்புத் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டு மாதக் குழந்தை தூக்கத்தில் முகத்தைச் சுளித்தது.

முதலில் நான் ஒன்றுமே செய்யவில்லை. கத்தவேண்டும் என்று வாய் திறந்து நின்றேன். கத்தினால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அந்தக் குறுகலான படிக்கு ஓடுவார்கள், அந்த ஓட்டத்திலேயே கூரை போய்விடும் என்று மூளை ஒரு பக்கம் சொல்லிற்று. மறுபக்கம், இன்னும் பத்துக் குதி தாங்குமா என்று எண்ணிக்கொண்டு நின்றது. அக்காவின் கையைப் பிடித்து, "கூரை நிக்காது அக்கா. சுவர் நகர்ந்துகிட்டு இருக்கு. கத்தக்கூடாது. ஓடக்கூடாது. எல்லாரும் இறங்கணும்" என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். தூளியிலிருந்து குழந்தையை எடுத்து மகள் கையில் கொடுத்து, "எதிர்த்த ஊட்டுக்குப் போயி நில்லு" என்றார். கடைக்காரரும் மகளோடு வெளியே போனார். பிறகு ஒரு குடத்தில் தண்ணீர் பிடித்து ஒரு கை மஞ்சளை அள்ளிப் போட்டு, படியின் அடியில் போய் நின்றார். படி நல்லவேளையாக விரிசல் பக்கம் இல்லை, பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரை ஒட்டி இருந்தது.

"பம்பைய நிறுத்துங்க!" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "எனக்கு ஒரு வேண்டுதல் கீது. பேத்தி பொறந்துகீறா. ஒவ்வொருத்தர் கால்லயும் என் கையால தண்ணி ஊத்தணும். ஒருத்தர் காலு நனஞ்சி வாசல தாண்டினப்புறம்தான் அடுத்தவங்க எறங்கணும். ஆட்டமெல்லாம் தெருவுல வெச்சிக்கலாம்."

வருடா வருடம் வாசலில் வைத்துக் காவடிக்காரர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது அந்த வீட்டு வழக்கம். அதைப் படிக்கு மாற்றிவிட்டார், அவ்வளவுதான். வேண்டுதல் என்றதும் பம்பை நின்றது. குழுவுக்குத் தலைவரான நடுவயதுக்காரர் மேலிருந்து தெலுங்கும் தமிழும் கலந்து, "அட்லாகே அம்மா, நீ சொன்னா சரி" என்றார். முதல் கால் படியில் இறங்கியது.

நான் உள்ளறைக்குத் திரும்பிப் போனேன். தைரியத்தில் இல்லை. வெளியே போகக் கால் வரவில்லை, கண்ணாடியைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒவ்வொருவராக இறங்குவது தண்ணீர் விழுகிற சத்தத்தில் தெரிந்தது. சளக். அரோகரா. பிறகு கொஞ்சம் அமைதி. மறுபடி சளக். அக்காவின் கை வேகம் கூடவே இல்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல் இருந்தது. சீக்கிரம் ஊற்று, சீக்கிரம் ஊற்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டியம்மாள் காவடியைத் தோளில் சரிசெய்துகொண்டு அங்கேயே நின்று ஒரு பாட்டுப் பாடினாள். அதையும் முழுசாகப் பாடவிட்டு, பிறகு காலில் ஊற்றினார் அக்கா.

எண்ணிக்கொண்டு வந்தேன். முப்பத்தொன்று ஆனபோது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். நகம் வெட்டுகிற சத்தம்தான். கண்ணாடியின் குறுக்கே, கோடில்லாத அந்த ஏழுக்குப் பக்கத்தில், முடி மாதிரி ஒரு கோடு.

மேலே இன்னும் ஆட்கள் இருந்தார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் தானாக வழிந்தது. நாற்பத்து மூன்றாவது ஆளாகத் தலைவர் இறங்கினார். அவர் காலிலும் நிதானமாக ஊற்றி, அவர் வாசலைத் தாண்டியதும், குடத்தை வைத்துவிட்டு அக்கா உள்ளே வந்து என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். "உங்களுக்கு வேற தனியா சொல்லணுமா?" என்றார்.

அன்று கூரை விழவில்லை. வீட்டைப் பூட்டி, நான் போட்ட மஞ்சள் வட்டத்தின் மேல் சிவப்பை நானே பூசினேன். எதிர்வீட்டு வாசலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். கூட்டம் பாட்டுக்கு மலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவசரத்தில் வீட்டிலிருந்து என்னென்னவோ எடுத்து வந்ததில் ஒரு பிஸ்கட் டப்பாவும் இருந்தது. அக்கா அதைத் திறந்து காட்டினார். உள்ளே பேப்பரில் சுற்றிய கண்ணாடித் துண்டுகள். வெறுங்காலில் நடக்கிற தெரு என்று குப்பையில் போடாமல் எடுத்து வைத்திருக்கிறார். முதல் பொட்டலத்தில் என் கையெழுத்து, நடுவில் கோடு போட்ட ஏழு. இரண்டாக உடைந்திருந்தது.

"ஒவ்வொண்ணும் ஒடையறப்ப இது இன்னா சொல்லிச்சி மேடம்?" என்று கேட்டார்.

சொன்னேன். பங்குனியில் சொல்லவேண்டியதை எல்லாம் அன்றைக்குச் சொன்னேன். சுவர், சட்டம், பள்ளம், கண்ணாடி எதற்கு என்று. மகளின் மடியில் குழந்தை விழித்துக் கால் உதைத்துக்கொண்டிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "அந்த ரூம்ல படுக்க சொன்னது நீங்கதான மேடம்."



அடுத்த வாரம் முட்டுக்கொடுத்துக் கூரையைப் பிரித்தபோது நானும் இருந்தேன். தூளி மாட்டிய சட்டத்தின் முனையைக் கையால் அழுத்தினேன், புட்டு மாதிரி உதிர்ந்தது. இரண்டு விரல் அகலம்தான் சுவரில் மிச்சம் உட்கார்ந்திருந்தது. வீடு முழுவதையும் இடிக்காமல், அந்தச் சுவரைக் கீழிருந்து புதிதாகக் கட்டித் தருவதென்று ஆனது. தெருவில் மற்ற வீடுகளை இடிக்கவிடாமல் காப்பாற்றியும் விட்டேன். ஆபீஸில் அதற்காகக் கைகுலுக்கினார்கள். இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் கண்ணாடி ஒட்டுவதற்கு முன் பாயில் உட்கார்ந்து, வீட்டில் இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டு, இது உடையலாம், உடைந்தால் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டு எனக்குப் போன் போடுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது அவர்கள் முகம் மாறும். பார்த்துக்கொண்டே சொல்கிறேன்.

வீடு கட்டி முடிகிறவரை படக்கடைக் குடும்பம் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறது. புதுக் கான்கிரீட் வீடு. நானே சுற்றிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொன்ன வீடு. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். மத்தியானம், மகளும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு அறைகள் காலியாகக் கிடந்தன. கூடத்தின் நட்டநடுவில், எந்தச் சுவரும் பக்கத்தில் இல்லாத இடத்தில், பாய் விரித்திருந்தது.

"ரூம்ல படுக்கலாமே அக்கா, இது நல்ல வீடுதான்" என்றேன்.

"தெரியும் மேடம்" என்றார் அக்கா. "அவ மாட்டேங்கறா." சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார்.

நான் கூரையைப் பார்க்காமல் அந்தப் பாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.